டீபக்கரில் ஃபங்ஷன் பெயரா, முகவரியா?

பீளமேடு:
திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்கு நாங்கள் செய்து கொடுத்த ஆர்டர் சாஃப்ட்வேர் நேற்று திடீரென மூடிக்கொண்டது. மூடிய நொடியில் மெமரியில் இருந்ததைச் சேமித்த டம்ப் ஃபைலைப் பென்டிரைவில் வாங்கி வந்து, பிழை தேட உதவும் டீபக்கரான விண்டீபக்கில் திறந்தால், ஸ்டாக்கில், அதாவது எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியலில், பாதி வெறும் முகவரி எண்கள். ‘.சிம்ஃபிக்ஸ்’ கொடுத்து ‘.ரீலோட்’ செய்ததும் மைக்ரோசாஃப்ட் சிம்பல் சர்வரிலிருந்து விண்டோஸ் ஃபங்ஷன்களின் பெயர்கள் இறங்கின. மேலேயே மெமரியை விடுவிக்கும் ‘ஆர்டிஎல்ஃப்ரீஹீப்’. ஏற்கெனவே விடுவித்த மெமரியை மறுபடி விடுவிக்கிறோமோ என்று சந்தேகம் வந்தது, அரை மணி நேரத்தில் இடத்தைப் பிடித்துவிட்டேன். முகவரியோடு மல்லுக்கட்டுவதை இனியாவது விடுவோமுங்க.

பெருந்துறை:
தம்பி, பெயரை நம்பி நான் இரண்டு நாள் தொலைத்தவன். எடை மெஷினோடு வந்த டிஎல்எல் (மற்ற புரோகிராம்கள் ஏற்றிப் பயன்படுத்தும் கோட் ஃபைல்), அதற்கு ஃபங்ஷன் பெயர்களை வைத்திருக்கும் பிடிபி ஃபைல் கிடையாது. ஸ்டாக்கில் போர்ட்டைத் திறக்கும் ஃபங்ஷனின் பெயர் இருந்தது. பக்கத்தில் +4830 என்ற ஆஃப்செட், அந்தப் பெயரின் தொடக்கத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்பது. நான் பெயரை மட்டும் பார்த்துவிட்டு போர்ட், கேபிள் எல்லாவற்றையும் மாற்றினேன். அந்த 4830 ஹெக்ஸ் எண், அதாவது 18,480 பைட். போர்ட்டைத் திறக்கிற சின்ன ஃபங்ஷன் அவ்வளவு நீளம் இருக்குமா? பிடிபி இல்லாவிட்டால் டீபக்கருக்குத் தெரிவது மற்ற புரோகிராம்கள் அழைப்பதற்காக டிஎல்எல் வெளியே எக்ஸ்போர்ட் செய்த பெயர்கள் மட்டுந்தான். உள்ளே இருக்கும் ஃபங்ஷனுக்கு, அதற்கு முன்னால் இருக்கிற எக்ஸ்போர்ட் பெயரை ஒட்டிவிடும். இதற்கு வெறும் முகவரியே மேல், அது பொய் சொல்லாது.

பீளமேடு:
பொய் சொல்லாதுங்ணா, ஆனால் அது எதைத்தான் சொல்கிறது? விண்டோஸ் டிஎல்எல்களை ஒவ்வொரு பூட்டிலும் வேறு இடத்தில் ஏற்றலாம். நேற்றைய முகவரியை இன்றைய டம்ப்பில் தேடினால் என்ன கிடைக்கும்?

பெருந்துறை:
சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். டிஎல்எல் பெயரும் அதன் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் என்பதும் போதும். அதே பில்டில், அதாவது ஒரே தடவை கம்பைல் செய்து எடுத்த பதிப்பில், அது மாறாது.

பொள்ளாச்சி:
இரண்டு பேரும் ‘எல்எம்’ கட்டளையைப் போட்டுப் பார்த்தீர்களா? ஒவ்வொரு டிஎல்எல்லுக்கும் நேராக, பெயர் பிடிபியிலிருந்து வந்ததா வெறும் எக்ஸ்போர்ட்டா என்று அதிலேயே இருக்கும். எக்ஸ்போர்ட் என்றிருந்தால் பெருந்துறை அண்ணன் சொல்வதுதான் சரி, பெரிய ஆஃப்செட்டோடு வரும் பெயரை நம்பக் கூடாது. பிடிபி என்றால் தாராளமாக நம்பலாம், டிஎல்எல்லிலும் பிடிபியிலும் உள்ள அடையாள எண் பொருந்தினால்தான் டீபக்கர் அதை ஏற்றும். அதனால் கஸ்டமருக்குக் கொடுத்த ஒவ்வொரு பில்டின் பிடிபியையும் பத்திரமாக வையுங்க. அதே சோர்ஸைத் திரும்ப பில்ட் செய்தாலும் பொதுவாக அந்த எண் மாறிவிடும்.

பெருந்துறை:
மில்லுக்குள் நெட் கிடையாதே, சிம்பல் சர்வருக்கு எங்கே போவது?

பீளமேடு:
டம்ப்பை ஆபீசில் ஒரு தடவை திறந்தால் போதும், பெயர்கள் கேஷ் ஃபோல்டரில் சேர்ந்துவிடும். அந்த ஃபோல்டரை லேப்டாப்பில் எடுத்துப் போங்கண்ணா.

பெருந்துறை:
நாளை சைசிங் மில்லுக்குப் போகிறேன், எடுத்துப் போய்ப் பார்க்கிறேன். எடை மெஷின் டிஎல்எல்லுக்கு மட்டும் ஆஃப்செட்டைத்தான் முதலில் படிப்பேன்.