பப்பெட்ட லைப்ரரியா கூப்பிட்டா செட்டிங்ஸ் எல்லாம் காலியா வருது, இனிஷியலைஸ் பண்ணா டெஸ்ட்ல எரர் அடிக்குது, எது சரி?

மானிட்டர்_மணி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க செர்வர் எல்லாத்துலயும் பப்பெட் (நிறைய செர்வர ஒரே மாதிரி செட் பண்ணி வைக்கற டூல்) ஏஜென்ட் ஓடுது, அந்த ஏஜென்டோட சர்ட்டிஃபிகேட் எப்ப காலாவதி ஆகுதுன்னு முன்னாடியே பார்த்து சொல்ற மாதிரி ரூபில சின்ன ஸ்கிரிப்ட் ஒண்ணு எழுதிட்டு இருக்கேன். சர்ட்டிஃபிகேட் ஃபைலோட பாத்த (path) ஸ்கிரிப்ட்ல நேரா எழுதிப் போட இஷ்டம் இல்ல, ஏன்னா சில மெஷின்ல ssl டைரக்டரிய வேற இடத்துக்கு மாத்தி வச்சிருக்காங்க, அதனால ரிக்வயர் 'பப்பெட்' போட்டு பப்பெட்[:எஸ்எஸ்எல்டிர்] கேட்டேன், "$கான்ஃப்டிர்-க்கு வேல்யூ கிடைக்கல"ன்னு இன்டர்போலேஷன் எரர் (ஒரு செட்டிங்குக்குள்ள இன்னொரு செட்டிங்கோட வேல்யூவ நிரப்ப முடியாதப்ப வர்றது). சரி பப்பெட்[:கான்ஃப்டிர்] (கான்ஃபிக் டைரக்டரி) என்னதான் தருதுன்னு பார்த்தா நில், அதாவது வேல்யூவே இல்ல.

கொஞ்சம் தேடி பப்பெட்.இனிஷியலைஸ்_செட்டிங்ஸ்-னு ஒரு வரி முன்னாடி போட்டேன், எரர் போச்சு. ஆனா இப்ப மூணு சிக்கல். ஒண்ணு, ரூபி டெஸ்ட் டூலான ஆர்ஸ்பெக்ல முதல் டெஸ்ட் பாஸ் ஆகுது, ரெண்டாவதுல இருந்து "குளோபல் டிஃபால்ட் செட்டிங்ஸ ஒரு தடவைக்கு மேல இனிஷியலைஸ் பண்ண பாக்குற"ன்னு டெவ்எரர் வருது. ரெண்டு, மானிட்டரிங் யூசர்ல ஓட்டினா பாத் எல்லாம் அந்த யூசரோட ஹோம் டைரக்டரிக்குள்ள ~/.பப்பெட்லாப்ஸ்-னு காட்டுது, சூடோல ஓட்டினா ஒழுங்கா /எட்ஸி/பப்பெட்லாப்ஸ்/பப்பெட் வருது. மூணு, சில மெஷின்ல கான்ஃபிக் ஃபைல்ல சர்ட்நேம் (சர்ட்டிஃபிகேட்ல இருக்கற மெஷின் பேர்) தெளிவா குடுத்திருந்தும் ஸ்கிரிப்ட் அத எடுக்காம மெஷினோட ஹோஸ்ட்நேமையே எடுத்துக்குது, அப்புறம் அந்த பேர்ல சர்ட்டிஃபிகேட் ஃபைல் இல்லன்னு நிக்குது.

நான் கூப்பிடறதே தப்பான இடத்துலயா, இல்ல இதுக்கு வேற வழி இருக்கா?

கோர்கோட்_வாசகன்:

நண்பா, நீங்க கேட்ட மூணும் தனித்தனி சிக்கல் மாதிரி தெரிஞ்சாலும் வேர் ஒண்ணுதான், பப்பெட் செட்டிங்ஸ் ஒரே அடியா ரெடி ஆகறது இல்ல, படிப்படியாதான் ஆகும், நீங்க எந்தப் படில நிக்கறீங்கன்னு தெரிஞ்சா எல்லாம் புரிஞ்சிடும்.

ரிக்வயர் பண்ணும்போது டிஃபால்ட்ஸ்.ஆர்பி ஃபைல் லோட் ஆகும், அதுல இருக்கறது அறிவிப்பு மட்டும்தான், இந்த இந்தப் பேர்ல செட்டிங் இருக்கு, இதோட வகை இது, டிஃபால்ட் இதுன்னு. எஸ்எஸ்எல்டிர்-ஓட டிஃபால்ட் "$கான்ஃப்டிர்/எஸ்எஸ்எல்". கான்ஃப்டிர்-ஓட டிஃபால்ட் அந்த ஃபைல்ல நில்-னே எழுதியிருக்கும். மறந்துபோய் விட்டது கிடையாது, வேணும்னே அப்படி வச்சிருக்காங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

இனிஷியலைஸ்_செட்டிங்ஸ் கூப்பிட்டா முதல்ல குளோபல் படி நடக்கும், கமாண்ட் லைன் ஆப்ஷன படிக்கும், பப்பெட்.கான்ஃப்ங்கற கான்ஃபிக் ஃபைல படிக்கும். அதுக்கு அடுத்ததுதான் ஆப் டிஃபால்ட்ஸ் படி, ரன் மோட (யூசரா, ஏஜென்டா, செர்வரா, எப்படி ஓடுதுங்கறத) பார்த்து கான்ஃப்டிர், கோட்டிர், வார்டிர், லாக்டிர் இதெல்லாம் நிரப்பும், இந்த நாலுல ஒண்ணு குறைஞ்சாலும் செட்டிங்ஸ் எரர்தான். அதுக்கும் அப்புறம்தான் தள்ளிப்போட்டு வச்சிருந்த ஹூக் (ஒரு செட்டிங்குக்கு வேல்யூ வரும்போது தானா ஓடற கோட்) எல்லாம் ஓடும். லாக்_லெவல் செட்டிங்க்கு ஒரு ஹூக் உண்டு, அது நிஜமாவே லாக் லெவல மாத்தும், அதனால இனிஷியலைஸ் பண்றதுக்கு முன்னாடி நீங்களா லாக் லெவல் செட் பண்ணி வச்சிருந்தா அது போயிடும், அத வேணும்னா பின்னாடி வைங்க.

இப்ப அந்த நில் கதை. பப்பெட்.கான்ஃப் எங்க இருக்குன்னு தெரிஞ்சாதான் அதப் படிக்க முடியும், அது கான்ஃப்டிர்-க்குள்ள இருக்கு, ஆனா கான்ஃப்டிர் எதுன்னு ஆள் கமாண்ட் லைன்ல குடுத்திருக்கவும் செய்யலாம். அப்ப ஆள் குடுத்தாரா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? கோர் கோட்ல செட்டிங்ஸ்.ஆர்பில எக்ஸ்ப்ளிசிட்_கான்ஃபிக்_ஃபைல்?-னு ஒரு மெத்தட் இருக்கு, அது என்ன பண்ணுதுன்னா, கான்ஃபிக் செட்டிங்க சும்மா ஒரு தடவ கேட்டுப் பாக்கும், வேல்யூ வந்தா ஆள் கான்ஃபிக்-ஓ கான்ஃப்டிர்-ஓ குடுத்திருக்கார்னு அர்த்தம், இன்டர்போலேஷன் எரர் வந்தா குடுக்கலன்னு அர்த்தம், அந்த எரர அங்கயே பிடிச்சு ஃபால்ஸ்னு திருப்பிடும். அதாவது உங்களுக்கு வந்த அதே எரரத்தான் கோர் கோட் ஒரு அடையாளமா பயன்படுத்துது. கான்ஃப்டிர்-க்கு ஒரு டிஃபால்ட எழுதி வச்சிருந்தா இந்தச் சோதனையே வேலை செய்யாது. அந்த மெத்தடுக்கு உள்ளயே நீளமா கமென்ட் போட்டு விளக்கியிருக்காங்க, ஒரு தடவ போய்ப் படிங்க, மொத்த டிசைனும் அந்தப் பத்து வரில புரியும்.

உங்க ரெண்டாவது கேள்விக்கும் பதில் இதுலயே இருக்கு. ஆள் எதையும் குடுக்கலன்னா ரன் மோட் கோட் ரூட்டா இல்லையான்னு பாக்கும், ரூட்னா /எட்ஸி/பப்பெட்லாப்ஸ்/பப்பெட், இல்லன்னா ஹோம் டைரக்டரி, 2015-ல பப்பெட் 4 வந்ததுல இருந்து இந்தப் பாத்துதான். நீங்க இனிஷியலைஸ்_செட்டிங்ஸ்-க்கு ஆர்க்யுமென்ட்டா ['--கான்ஃப்டிர்', '/எட்ஸி/பப்பெட்லாப்ஸ்/பப்பெட்'] குடுங்க, கமாண்ட் லைன்ல டைப் பண்ண மாதிரியே எடுத்துக்கும், ஃபைலும் அங்க இருந்தே படிக்கும், எஸ்எஸ்எல்டிர்-உம் அதுக்கு ஏத்த மாதிரி மாறும். சர்ட்டிஃபிகேட்டப் படிக்க ரூட் தேவையே இல்ல, பிரைவேட் கீக்குத்தான் தேவை, அதனால சூடோ குடுக்காதீங்க.

மூணாவது, அந்த மெஷின்ல சர்ட்நேம் [ஏஜென்ட்] செக்‌ஷனுக்குள்ள இருக்கும், பார்த்துட்டு சொல்லுங்க.

மானிட்டர்_மணி:

ஆமா அண்ணா, [ஏஜென்ட்] கீழதான் இருக்கு! மத்த மெஷின்ல [மெயின்] கீழ இருக்கு, அங்க எல்லாம் சரியா வருது. கான்ஃப்டிர் ஆர்க்யுமென்ட்டும் வேலை செய்யுது, மானிட்டரிங் யூசர்லயே ஓடுது இப்ப.

கோர்கோட்_வாசகன்:

அதேதான். இனிஷியலைஸ்_செட்டிங்ஸ் ரன் மோட யூசர்னு வச்சுத்தான் ஆரம்பிக்கும். வேல்யூ தேடற வரிசை எப்படின்னா, கோட்ல நேரா செட் பண்ணது, அப்புறம் கமாண்ட் லைன், அப்புறம் ரன் மோட் பேர்ல இருக்கற செக்‌ஷன், அப்புறம் [மெயின்], அப்புறம் ஆப் டிஃபால்ட்ஸ், எதுலயும் இல்லன்னா டிஃபால்ட்ஸ்.ஆர்பில இருக்கறது. யூசர் மோட்ல இருக்கும்போது [ஏஜென்ட்] செக்‌ஷன் இந்த வரிசைலயே வராது, கடைசியா டிஃபால்ட்டுக்குப் போய் ஹோஸ்ட்நேமும் டொமைனும் சேர்த்து ஒரு பேர் எடுத்துக்கும்.

பப்பெட் ஏஜென்ட் கமாண்ட ஓட்டும்போது ஏன் சரியா வருதுன்னா, அங்க கமாண்ட் லைன் கோட் முதல்ல நீங்க கூப்பிட்ட அதே இனிஷியலைஸ்_செட்டிங்ஸ கூப்பிடும், அப்புறம் ஏஜென்ட் அப்ளிகேஷன் தன்னோட ரன் மோட வச்சு ஆப் டிஃபால்ட்ஸ் படிய மட்டும் இன்னொரு தடவ ஓட்டும். ஆப் டிஃபால்ட்ஸ் ரெண்டு தடவ நடக்கலாம், குளோபல் படி ஒரு தடவதான், உங்க டெவ்எரர் சொல்றதும் அதத்தான்.

உங்களுக்கு மோட் எல்லாம் மாத்த வேண்டாம், பப்பெட்.செட்டிங்ஸ்.வேல்யூஸ்-னு ஒரு மெத்தட் இருக்கு, அதுக்கு என்விரான்மென்ட்டும் செக்‌ஷனும் குடுக்கணும், செக்‌ஷனுக்கு :ஏஜென்ட் குடுத்து வர்ற ஆப்ஜெக்ட்ல இன்டர்போலேட்(:ஹோஸ்ட்சர்ட்) கேளுங்க, முழுப் பாத்தும் கைல வந்துடும், எஸ்எஸ்எல்டிர் சர்ட்நேம்னு நீங்க ஒட்டிட்டு இருக்க வேண்டாம். பப்பெட் கான்ஃபிக் பிரின்ட் கமாண்டும் உள்ள இதையேதான் பண்ணுது.

ஷெல்_போதும்:

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், ஆனா இவ்வளவும் எதுக்குன்னு எனக்குத் தோணுது. "பப்பெட் கான்ஃபிக் பிரின்ட் ஹோஸ்ட்சர்ட் --செக்‌ஷன் ஏஜென்ட்"னு ஒரு வரி ஷெல்ல கூப்பிட்டு வர்றத எடுத்துக்கிட்டா முடிஞ்சது, கோர் கோடோட உள் மெத்தட நம்பினா அடுத்த வெர்ஷன்ல அவங்க பேர மாத்தினா நம்ம ஸ்கிரிப்ட் உடையும். மாத்தவும் செஞ்சிருக்காங்க, 2020-ல வந்த பப்பெட் 7-ல மாஸ்டர்ங்கற ரன் மோடே செர்வர் ஆயிடுச்சு. கமாண்ட் வெளில தெரியற விஷயம், அத அவ்வளவு சீக்கிரம் உடைக்க மாட்டாங்க. ஒவ்வொரு தடவையும் ரூபியும் பப்பெட்டும் லோட் ஆகற நேரம் போகும்தான், நாளைக்கு ஒரு தடவ ஓடற ஸ்கிரிப்ட்டுக்கு அது ஒரு விஷயமே இல்ல. மானிட்டரிங் யூசர்ல ஓட்டறதா இருந்தா இதுக்கும் --கான்ஃப்டிர் குடுக்கணும், அத மறந்துடாதீங்க.

கோர்கோட்_வாசகன்:

நியாயமான பேச்சு, தனி ஸ்கிரிப்ட்டுக்கு நானும் இதையே சொல்வேன். ஆனா மணி இத பின்னாடி கஸ்டம் ஃபேக்ட் (ஏஜென்ட் ஒவ்வொரு ரன்லயும் மெஷினப் பத்தி சேகரிக்கற, நாமளே எழுதற தகவல்) ஆக்கப் போறார்னா ஷெல் ஒத்து வராது, ஏஜென்ட் ஓடும்போது அதுக்குள்ள இருந்தே இன்னொரு பப்பெட் ப்ராசஸ கிளப்பற மாதிரி ஆகும், ஒவ்வொரு ரன்லயும்.

டெஸ்ட்_தங்கம்:

டெஸ்ட் பக்கம் யாரும் இன்னும் சொல்லலயே, அத நான் சொல்றேன். நெட்ல தேடினா நிறைய பேர் "இனிஷியலைஸ் ஆகலன்னா மட்டும் கூப்பிடு"ன்னு ஒரு அன்லெஸ் போட்டுக்க சொல்வாங்க, குளோபல்_டிஃபால்ட்ஸ்_இனிஷியலைஸ்ட்?-னு கேட்கற மெத்தட் இருக்கறதும் உண்மைதான், எரரும் நின்னுடும். ஆனா எரர் நின்னாலும் முதல் டெஸ்ட்ல செட் பண்ண வேல்யூ ரெண்டாவது டெஸ்ட்லயும் ஒட்டிட்டே இருக்கும், டெஸ்ட் ஓடற வரிசை மாறினா ரிசல்ட்டும் மாறும், அந்த மாதிரி ஒரு கோளாறத் தேடறது ரொம்ப கொடுமை, தயவுசெஞ்சு அந்தப் பக்கம் போகாதீங்க.

பப்பெட் கோர்லயே டெஸ்ட்ஹெல்பர்னு ஒண்ணு இருக்கு, பப்பெட்லாப்ஸ்_ஸ்பெக்_ஹெல்பர் ஜெம் போட்டா அது தானா வந்துடும். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் முன்னாடி ஆப் டிஃபால்ட்ஸ மட்டும் டெஸ்ட்டுக்குன்னு இருக்கற வேல்யூ வச்சு நிரப்பும், டெஸ்ட் முடிஞ்சதும் எல்லாத்தையும் துடைச்சிடும், குளோபல் படி முடிஞ்சதுன்னு குறிச்சு வச்சிருக்கற கொடியையும் சேர்த்து. அப்ப கான்ஃப்டிர் கேட்டா /டெவ்/நல்-னு வரும், பயந்துடாதீங்க, டெஸ்ட் தெரியாம உங்க நிஜ /எட்ஸி-ல கை வைக்கக் கூடாதுன்னுதான் அப்படி. உங்களுக்கு வேற வேல்யூ வேணும்னா அந்த டெஸ்ட்டுக்குள்ள பப்பெட்[:எஸ்எஸ்எல்டிர்] = ஒரு டெம்ப் டைரக்டரின்னு வைங்க, கோட்ல நேரா செட் பண்ணதுதான் வரிசைல முதல்ல நிக்கும்னு மேல சொன்னார் பாருங்க, அது இங்க கை குடுக்கும்.

இதுக்கு நீங்க ஒண்ணு பண்ணியாகணும், இனிஷியலைஸ் வரிய கிளாஸ்ல இருந்து எடுத்துட்டு ஸ்கிரிப்ட் ஆரம்பிக்கற ஃபைல்ல, பின் ஃபோல்டர்ல இருக்கும்ல, அங்க வைங்க. கிளாஸ் செட்டிங்ஸ வாசிக்க மட்டும் செய்யட்டும். யார் ப்ராசஸ ஆரம்பிக்கறாங்களோ அவங்கதான் இனிஷியலைஸ் பண்ணணும், ஸ்கிரிப்ட்னா உங்க ஸ்கிரிப்ட், டெஸ்ட்னா ஹெல்பர், ஃபேக்ட்னா ஏஜென்ட். ஃபேக்ட்டுக்குள்ள இனிஷியலைஸ் போட்டு விட்டீங்கன்னா ஏஜென்ட் ஏற்கனவே பண்ணி முடிச்சிருக்கும், அதே டெவ்எரர் வந்து அந்த ஃபேக்ட் மட்டும் எல்லா மெஷின்லயும் காணாம போகும், டெஸ்ட்ல கண்டுபிடிச்சது எவ்வளவோ மேல்.

மானிட்டர்_மணி:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, ஷெல் வழி சொன்னவருக்கும்தான். வரிய பின் ஃபைலுக்கு மாத்திட்டேன், கிளாஸ்ல வேல்யூஸ்-ல :ஏஜென்ட் குடுத்து ஹோஸ்ட்சர்ட் மட்டும் கேட்கறேன், ஸ்பெக் ஹெல்பர் போட்டதும் எல்லா டெஸ்ட்டும் பச்சை. ஃபேக்ட் ஆக்கற எண்ணமும் இருக்கு, அதனால ஷெல் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம், ஃபேக்ட் ஆனதுக்கு அப்புறம் யாராவது ஃபேக்ட் எல்லாம் சேகரிக்கற ஃபேக்டர் கமாண்ட தனியா ஓட்டினா அங்க ஏஜென்ட் இல்லையே, அப்ப?

டெஸ்ட்_தங்கம்:

அப்ப பப்பெட் லோட் ஆகியிருக்கா, செட்டிங்ஸ் ரெடியான்னு பார்த்துட்டு, இல்லன்னா நில் திருப்புங்க. ஸ்டேண்டர்ட் லைப்ரரி மாட்யூல்ல பப்பெட்_வார்டிர்-னு ஒரு ஃபேக்ட் இருக்கு, அதுவும் பப்பெட் இருந்தாத்தான் வேல்யூ தரும், இல்லன்னா தராது. உங்க ஃபேக்ட்ட கையால ஓட்டிப் பாக்கணும்னா பப்பெட் ஃபேக்ட்ஸ் கமாண்ட்ல ஓட்டுங்க, அதுல செட்டிங்ஸ் ஏற்கனவே ரெடியா இருக்கும்.