பிரவுசர் திறந்தாலே ரேம் நிரம்புகிறது, உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அண்ணனின் வெள்ளிக் கொலுசுக் கடையில் கணக்கு பார்க்கிறேன். கம்ப்யூட்டரில் 4 ஜிபி ரேம். வாட்ஸ்அப் வெப், ஜிஎஸ்டி தளம், வெள்ளி விலை காட்டும் பக்கம், மூன்றும் நாள் முழுக்கத் திறந்திருக்கும். மத்தியானத்துக்குள் எல்லாம் உறைந்துவிடுகிறது. பில்லுக்காக வாடிக்கையாளர் காத்து நிற்பதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

பாதுகாப்புக்காக பிரவுசர் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி ப்ராசஸில், அதாவது தனித்தனி நிரல் போல, ஓட்டுவதால் ரேம் கூடுதலாகத்தான் போகும், சரி. ஆனால் ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தி எந்த டேப் எவ்வளவு ரேம் எடுக்கிறது என்று காட்டும் பிரவுசரின் டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால், விலைப் பக்கம் எடுக்கும் ரேம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. அந்த டேபை மூடித் திறந்தால் இறங்கிவிடுகிறது. ரேமை மிச்சப்படுத்தும் மெமரி சேவர் வசதியைப் போட்டால் பின்னால் இருக்கும் டேப் தூங்கிவிடுகிறது, திரும்பப் போனால் பக்கம் மறுபடி லோட் ஆகும்வரை புது விலை தெரிவதில்லை. வெள்ளி வியாபாரத்தில் அது ஆகாது.

அந்தப் பக்கத்தை மட்டும் தானாக ரீலோட் செய்ய நம்பகமான எக்ஸ்டென்ஷன் இருக்கிறதா? 8 ஜிபி ஆக்கினால் தீருமா, அதுவும் நிரம்பிவிடுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.