புதுப்பிப்பு: ஹெயான் காலக் கதைக்கு ஜப்பானியப் பட்டங்கள்

ஹெயான் காலத்து (794–1185) ஜப்பானியத் தலைநகரான கியோட்டோவில் நடக்கும் எங்கள் கதாபாத்திர விளையாட்டில் மந்திரவாதி, சண்டைத் துறவி, வீரன் ஆகியோருக்கு அசல் பட்டங்கள் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மந்திரவாதிக்கு ஒருவர் சொன்ன 'ஒன்மியோஜி'தான் கச்சிதம். அவர் ஒன்மியோரியோ என்ற அரசு அலுவலகத்தின் ஊழியர். நாள்காட்டி கணிப்பு, வான்குறி, நாழிகை, குறி பார்த்தல் எல்லாம் அந்த அலுவலகத்தின் பொறுப்பு. ஆட்டக்காரருக்கு மந்திரத்தோடு ஒரு மேலதிகாரியும் வந்து சேர்ந்தார். இதை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. சுவையான காட்சிகளெல்லாம் அங்கிருந்துதான் பிறந்தன.

துறவிக்குப் பலர் சொன்ன 'சோஹெய்' (போர்த்துறவி) பிற்காலத்தில் பரவிய பெயர். அதனால் ஹியெய் மலை என்ரியாகுஜி மடத்து ஆளுக்கு 'அகுசோ' (முரட்டுத் துறவி) என்று வைத்தோம், கையில் நகினாட்டாவோடு (நீண்ட தடியின் முனையில் வளைந்த கத்தி பொருத்திய ஆயுதம்). வீரனுக்கு 'ட்சுவாமோனோ', அந்தக் காலத்தில் போர்வீரனைக் குறித்த சொல். 'ஹதமோட்டோ' பிற்கால எடோ ஆட்சியின் (1603–1868) ஷோகுனின், அதாவது ராணுவ ஆட்சியாளரின், நேரடி ஆட்களைக் குறிப்பதால் அதைச் சேர்க்கவில்லை.