அரேதா ஃபிராங்க்ளினின் 1973 இசைத்தட்டு யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். இங்கே தோட்ட மண்டபத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையில் வந்த பழைய பாடல்களைக் கேட்டுப் பேசி வருகிறோம். அடுத்து, சோல் பாடகி அரேதாவின் அந்த 1973 தட்டு, ‘ஹே நவ் ஹே’.

முந்தைய ஆண்டுதான் லாஸ் ஏஞ்சலஸ் தேவாலயத்தில் பதிவான அவருடைய பக்திப்பாடல் தட்டு ‘அமேசிங் கிரேஸ்’ சக்கைப்போடு போட்டிருந்தது. குரல் உச்சத்தில் இருந்த நேரம். வழக்கமான தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர் இல்லை. இந்தத் தட்டை அரேதாவோடு ஜாஸ் இசையமைப்பாளர் குயின்சி ஜோன்ஸ் சேர்ந்து தயாரித்தார். ஆனாலும் தட்டு எடுபடவில்லை. ஜாஸ், புளூஸ், மேடை நாடகப் பாட்டான ‘சம்வேர்’ என்று திசைக்கொன்றாக இழுக்கிறது. குறை குரலில் இல்லை, தொகுத்த விதத்தில்தான் என்பது என் எண்ணம்.

இதிலுள்ள ‘ஏஞ்சல்’ பாட்டு மட்டும் தனி ரகம். அரேதாவின் தங்கை கேரோலின் இன்னொருவரோடு சேர்ந்து எழுதியது. அமெரிக்காவின் ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் புளூஸ்) பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அரேதா, தங்கை போன் செய்ததைச் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே வந்து, அப்படியே பாட்டுக்குள் நுழைவார். அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிடும்.

பிள்ளைகள் தட்டையும் அட்டையையும் கையில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஈப்போ, தைப்பிங், கோலக்கங்சார் பக்கம் யாரிடமாவது இருந்தால் ஒரு வாரம் இரவல் தருவீர்களா? நானே வந்து வாங்கி, பத்திரமாகத் திருப்பித் தருகிறேன். பழைய ரெக்கார்டு பிளேயருக்கு ஊசி கிடைக்கும் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள். அந்தக் காலத்திலேயே இதைக் கேட்டவர்கள் இருந்தால், அப்போது எப்படி இருந்தது என்று கட்டாயம் எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவேன்.