லேஷியிடம் கைலி கட்டியவன் மாட்டினால்?

மேலூர்க்காரன்:
ஒரு மாயக்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மேலூர்ப் பையன், ரஷ்யாவில் டாக்டருக்குப் படிக்கிறான். ஜூலை மாதம் ஹாஸ்டல் பையன்களோடு காளான் பறிக்கக் காட்டுக்குப் போகிறான், கைலியோடு. (நம்பமாட்டீர்கள், என் சித்தப்பா மகன் அங்கேயும் அப்படித்தான் திரிகிறான்.) கூட்டத்தை விட்டுப் பிரிந்தவன் லேஷியிடம் மாட்டுகிறான். லேஷி அங்கத்திய நாட்டுக்கதைகளில் வரும் வனக்காவல் பூதம். நடுக்காட்டில் மர உயரம், காட்டோரத்தில் புல் உயரம். தெரிந்தவர் குரலில் கூப்பிட்டு, வந்த வழியிலேயே சுற்றவிடும். தப்பிக்க, உடுப்பை உள்பக்கம் வெளியே வரும்படி மாற்றிப் போட வேண்டும், செருப்பையும் கால் மாற்ற வேண்டும்.

பையன் சட்டையைக் கழற்றிக் காளானை மூட்டை கட்டியிருந்தான். மூட்டையை லேஷி கொண்டுபோய்விட்டது. செருப்பு சேற்றோடு போச்சு. மிச்சம் கைலி. கட்டம் போட்ட கைலியில் உள்பக்கம் எது?

இன்னொன்று. படித்த நண்பன், "இது நம்ம முனிதானே, கம்பளிக்கோட்டு போட்டிருக்கு" என்கிறான். பேசாமல் லேஷியை விட்டுவிட்டு, வேலெஸ் என்ற பழைய ஸ்லாவியத் தெய்வத்துக்கு மாறிவிடவா?

சிம்மக்கல் வாசகி:
மாறாதீர்கள். இடித் தெய்வமான பெருனின் மாட்டைத் திருடி ஒளிந்து விளையாடும் வேலெஸ், இவானோவ், தோபரோவ் என்ற இரண்டு அறிஞர்கள் கிடைத்த துணுக்குகளை ஒட்டவைத்து எழுப்பிய ஆள். பழைய ஏட்டில் அந்தக் கதை அப்படியே இல்லை. பழைய ரூஸ் நாட்டார் பைசாந்தியப் பேரரசோடு செய்த 971ஆம் ஆண்டு உடன்படிக்கையில் பெருனோடு சேர்த்து 'மாட்டுத் தெய்வம்' என்று அவன் மேல் சத்தியம் செய்திருக்கிறார்கள். 980இல் கீவ் குன்றின் மேல் அந்நாட்டு அரசன் விளாதிமிர் நிறுத்திய சிலைகளிலோ அவன் பெயரே கிடையாது. லேஷி அப்படியில்லை, கிராமத்து ஜனங்கள் வாயிலிருந்தே வந்தது.

முனியும் லேஷியும் ஒன்றில்லை. முனி அடித்தால் ரத்தம் கக்குவான் என்பார்கள். லேஷி சுற்றவிட்டுச் சிரிக்கும். நம்ம ஊரில் அதற்கு ஜோடி வேண்டுமென்றால் சொக்கநாதர்தான். நரியைப் பரியாக்கிப் பாண்டியன் தலையில் கட்டினார், ராத்திரி எல்லாம் மறுபடி நரியாகி லாயத்துக் குதிரைகளைக் கடித்துக் குதறின. வந்திக் கிழவியின் உதிர்ந்த பிட்டைத் தின்றுவிட்டு, வைகைக் கரையை அடைக்காமல் படுத்துத் தூங்கினார். பிரம்படி இவருக்கு, வலி ஊருக்கு. உங்கள் லேஷிக்கு அந்தச் சோம்பலில் கொஞ்சம் கொடுங்கள்.

மிஷின்காரர்:
கதை தெரியாது, கைலி தெரியும். மதுரைப் புதுமண்டபத்தில் தைத்தேன், இப்போது குன்னத்தூர் சத்திரத்தில். நெய்த கட்டத்துக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான் தம்பி. அச்சடிச்ச கைலியா இருந்தா உள்பக்கம் வெளுத்திருக்கும். மூட்டின கைலின்னா தையல் பிசிறு உள்ளே இருக்கும், இருட்டிலும் விரலால் தடவினால் தெரியும். மூட்டாத கைலின்னா உங்க பையன் காலி.

மேலூர்க்காரன்:
அண்ணே, மூட்டாததுதான் சரி! "மூட்டிக் கொண்டுபோடா"ன்னு அம்மா சொல்லச் சொல்ல, அவசரத்தில் பெட்டியில் திணித்தான். லேஷி பின்னாலேயே வந்து விளிம்பைத் தடவிப் பார்க்கிறது. தையலைக் காணோம். இவன் திருப்பிக் கட்டியிருக்கிறானா இல்லையா, இவனை விடணுமா வேண்டாமா என்று அதற்கே புரியவில்லை. விடிகிற வரைக்கும் இவன் போகும் பக்கமெல்லாம் அதுதான் சுற்றுகிறது.

மிஷின்காரர்:
நல்லாத்தான் இருக்கு. ஆனா மூட்டாத கைலியில எட்டு வச்சு நடந்தா தொடை தெரியும். அதையும் பார்த்து எழுதுங்க.