வேலியோரப் பூக்கள்: துணியில் அச்சு எடுப்பதா, நூலில் தைப்பதா?

இழைபின்னி:
வணக்கம். தோட்டத்துப் பூக்களும் பாதையோரம் தானாக முளைத்த பூக்களும் கலந்து, சுவரில் தொங்கவிட ஒரு வேலைப்பாடு செய்துகொண்டிருக்கிறேன். வெள்ளைப் பருத்தித் துணி. பூவைத் துணிமேல் வைத்துச் சுத்தியலால் தட்டி அச்சு எடுத்துப் பார்த்தேன். செண்டுமல்லி அருமையாக விழுந்தது, இதழோரச் சுருக்கம்கூடத் தெரிகிறது. சங்குப்பூ அத்தனை அழகான நீலம், அலசியதும் வெளிறிவிட்டது. தும்பையில் இலைப் பச்சை மட்டும்தான் ஏறியது. துணி வருஷக்கணக்கில் நிற்க வேண்டும். எதை அச்சாக விடலாம், எதைத் தைக்கலாம்? உண்ணிச்செடிப் பூவைத் தைத்தால் பொத்தான் மாதிரி தட்டையாக வருகிறது, அதற்கும் வழி சொல்லுங்கள்.

சாயக்காரன்:
சங்குப்பூ, செம்பருத்தி இரண்டையும் அச்சுக்கு நம்பாதீர்கள். அவற்றின் நிறம் ஆந்தோசயனின் என்ற, எளிதில் மாறிவிடும் தாவர நிறமி. சங்குப்பூ நீலத்தில் புளிப்பு பட்டால் ஊதாவாகும், சோப்புத் தண்ணீர் பட்டால் பச்சையாகும், வெயிலில் வெளுக்கும். செண்டுமல்லி மஞ்சள் படிகாரத்தோடு நன்றாகப் பிடிக்கும். அச்சு எடுக்கும் முன் துணியைச் சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்து அலசி, கடுக்காய் நீரில் ஊறவிட்டு, பிறகு படிகாரக் கரைசலில் போடுங்கள். 100 கிராம் துணிக்கு 15 கிராம் படிகாரம் போதும். கடுக்காயால் துணி கொஞ்சம் மஞ்சளாகும், தெரிந்தே செய்யுங்கள். இலைப் பச்சையும் வெளிச்சத்தில் நாளாக ஆகப் பழுப்பாகும்.

ஊசிமுனை:
உண்ணிப்பூவைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன், எனக்கு அவ்வளவு பிடித்த பூ! முதலில் ஒரு கொத்தைப் பறித்துக் கையில் வைத்துப் பாருங்கள். போட்டோவைப் பார்த்துத் தைத்தால் வட்டம்தான் வரும். அது ஒரு பூ இல்லை, குட்டிக் குழல்பூக்களின் கூட்டம். ஓரத்துப் பூக்கள்தான் முதலில் மலரும், நடுவில் இருப்பவை இன்னும் மொட்டு. பல செடிகளில் புதிதாக மலர்ந்தது மஞ்சளாகவும், மூத்தது ஆரஞ்சோ ரோஸோ ஆகவும் இருக்கும். அதனால் ஒரே கொத்தில் வெளியிலிருந்து உள்ளே நிறம் மாறிக்கொண்டே போகும்.

இதை அப்படியே தையலில் கொண்டுவரலாம். கொத்தின் நடுவில் சின்ன ஃபெல்ட் (நெய்யாமல் அழுத்திச் செய்த தடித்த துணி) துண்டு ஒன்றை அடியில் வைத்து மேடாக்குங்கள். அதன்மேல் இரண்டு இழையில் பிரெஞ்சு முடிச்சு (ஊசியில் நூலைச் சுற்றி இழுத்துப் போடும் குட்டி முடிச்சு), ஒரே சுற்று, இடைவெளி விடாமல். சுற்றிலும் ஒற்றை இழையில் ஒவ்வொரு பூவுக்கும் நாலு குட்டித் தையல், நடுவே ஒரு மஞ்சள் புள்ளி. சில பூக்களைப் பாதி மறைந்த மாதிரி விடுங்கள். எல்லாம் நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தால் உயிர் இருக்காது.

தும்பைக்கு வெள்ளை நூலைத் தேட வேண்டாம். நாலு பட்டைத் தண்டைச் சுற்றிப் பச்சை உருண்டை இருக்கிறதே, அதை முதலில் தையுங்கள். கீழுதடு பெரிதாக நீட்டிக்கொண்டிருக்கும் அந்த வெள்ளைப் பூ, பச்சையை ஒட்டி இருக்கும்போதுதான் கண்ணில் படும். அடித்துணி கருப்பாகவோ கருநீலமாகவோ இருந்தால் இன்னும் நல்லது. இங்கிலாந்தில் மேரி டெலானி 1772-ல், 72 வயதில், வண்ணக் காகிதத்தை நறுக்கி ஒட்டிப் பூக்கள் செய்யத் தொடங்கினார். ஏறக்குறைய ஆயிரம் செய்தார். அவை இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. பின்னணி கருப்பு. வெள்ளை இதழின் மெல்லிய நிழல்கூட அதில் எடுபடும். பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள்.

என் யோசனை: செண்டுமல்லியை அச்சாகவே விடுங்கள். இலைகளையும் அச்சு எடுத்து, நரம்புகளை நூலால் தைத்துவிடுங்கள். பச்சை பழுப்பானாலும் இலையின் உருவம் நிற்கும். சங்குப்பூவை முழுக்கத் தையுங்கள்.

இழைபின்னி:
நன்றி! மேடாக்கும் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. தும்பைக்கு மட்டும் கருநீலத் துண்டு ஒன்றை ஒட்டுப்போட்டால் சரியாக வருமா?

ஊசிமுனை:
தாராளமாகப் போடலாம். அந்தத் துண்டைத் தனியாக அலசி, ஈரத்தோடு வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். சாயம் விட்டால் வேறு துண்டு எடுங்கள்.