மீதி 22 மணி நேரம்: உங்கள் கதை என்ன?

மலைக்கோட்டை 800:

கல்லூரி நாட்களில் நான் 800 மீட்டர் ஓடியவன். திருச்சி அண்ணா விளையாட்டரங்கத்துக்குக் காலை ஐந்தரைக்குப் போனால் ஏழரைக்குப் பயிற்சி முடியும். ஷூவைக் கழற்றும்போது கோச் பக்கத்தில் வந்து உட்காருவார். "இங்க நீ செஞ்சது எனக்குத் தெரியும். மீதி 22 மணி நேரம் என்ன செஞ்சே?" தினமும் இதே கேள்விதான். ஆரம்பத்தில் எரிச்சலாக வரும். அப்பாகூட இப்படிக் கேட்டதில்லை.

ஒருநாள் கையில் ஒரு 40 பக்க நோட்டைக் கொடுத்தார். காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழுவதற்கு முன்னால், மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 30 விநாடி நாடியை எண்ண வேண்டும். அதை இரண்டால் பெருக்கி எழுத வேண்டும். பிறகு படுத்த நேரம், எழுந்த நேரம், எடை. கடைசியாக உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

முதல் இரண்டு வாரம் நான் எண்ணவே இல்லை. பஸ்ஸில் வரும்போது மொத்தமாக 56, 56, 56 என்று நிரப்பிவிடுவேன். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நாடி என்ன கடிகாரமாடா, தினமும் ஒரே மாதிரி அடிக்க?" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அதன் பிறகு ஒழுங்காக எழுதினேன், ஆனால் எழுதியதை நான் படிக்கவில்லை. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு ஒரு வாரம் இருந்தது. நடுவில் செமஸ்டர் தேர்வு, அத்தை மகள் கல்யாணம், இரண்டு இரவு சரியான தூக்கம் இல்லை. வழக்கமாக 54 இருக்கும் நாடி 62, 64, 66 என்று மூன்று நாள் ஏறியது. ஏறியதை என் கையால்தான் எழுதினேன். கோச் வெளியூர் போயிருந்தார். நானோ போட்டி நெருங்குகிறதே என்ற பதற்றத்தில் 400 மீட்டரை ஆறு முறை முழு வேகத்தில் ஓடினேன். நான்காம் நாள் காய்ச்சல். போட்டியன்று நான் வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்த கோச் நோட்டை வாங்கிப் பார்த்து, 62 என்ற எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு கூடி, மறுநாளும் இறங்காவிட்டால், உடம்பு எதனுடனோ சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது தூக்கக் குறைவாக இருக்கலாம், வரப்போகிற காய்ச்சலாக இருக்கலாம், மனக்கவலையாகக்கூட இருக்கலாம். அன்று மெதுவாக அரை மணி நேரம் ஓடிவிட்டு வந்திருந்தால் போதும்.

கென்யாவின் எலியுட் கிப்சோகே 2003 முதல் தன் பயிற்சியை நோட்டில் கையால் எழுதி வருகிறார் என்று பல வருடம் கழித்துத்தான் படித்தேன். 2019-இல் வியன்னாவில் மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடிக் காட்டினாரே, அவர்தான். காப்டகாட் பயிற்சி முகாமில் மற்றவர்களோடு முறை வைத்துக் கழிவறையும் கழுவுகிறவர். நமக்கோ 40 பக்க நோட்டை முடிக்கவே நாக்குத் தள்ளுகிறது.

சரி, உங்கள் கதையைச் சொல்லுங்கள். என்னென்ன பழக்கம் வைத்திருக்கிறீர்கள் என்ற பட்டியல் வேண்டாம். எங்கே அடி வாங்கினீர்கள், அதற்குப் பிறகு எது மாறியது, அதைச் சொல்லுங்கள்.

டெல்டா ரெய்டர்:

அண்ணா, அடி வாங்கின கதை என்றால் என்னிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன்.

எங்கள் மன்னார்குடிப் பக்கம் மின்னொளி கபடி என்றால் ஊரே விடிய விடிய உட்கார்ந்திருக்கும். அந்த முறை 65 கிலோ எடைப் பிரிவு. நான் 68. மூன்று கிலோதானே என்று நினைத்தேன். இரண்டு நாள் தண்ணீர் குடிக்கவில்லை. மத்தியான வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் ஓடினேன். வாயில் புளிப்பு மிட்டாயை வைத்து எச்சிலைத் துப்பிக்கொண்டே இருந்தேன். எடை போடும்போது 64.8. பசங்க என்னைத் தூக்கிக் கொண்டாடினார்கள். அங்கேயே ஜெயித்துவிட்ட மாதிரி ஓர் எண்ணம்.

முதல் ஆட்டம் இரவு ஒரு மணிக்கு. இரண்டாவது பாதியில் ரெய்டு போகிறேன். போனஸ் புள்ளி எடுக்கக் காலை நீட்டினால் கெண்டைக்கால் சுருட்டிக்கொண்டது. மறுகாலை ஊன்றினால் அதுவும். எதிரணியில் ஓரத்தில் நிற்கிற கார்னர் ஆட்டக்காரன் என்னைப் பிடிக்கவே இல்லை, நானே உட்கார்ந்துவிட்டேன். அவனும் இன்னொருத்தனும் கைத்தாங்கலாகத் தூக்கி எங்கள் பக்கம் விட்டுவிட்டுப் போனார்கள். மைக்கில் வர்ணனை செய்தவர் அதையும் விடவில்லை. இன்றைக்கும் டீக்கடையில் அந்த வர்ணனையைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

எங்கள் டீமில் மூத்தவர் ஒருத்தர் இருக்கிறார், துறை அணிக்கு ஆடியவர். மறுநாள் பயிற்சிக்கு ஒரு எடை மெஷினோடு வந்தார். ஆடுவதற்கு முன்னால் ஏறச் சொன்னார், ஆடி முடித்ததும் ஏறச் சொன்னார். எனக்கு 1.6 கிலோ குறைந்திருந்தது. "இது கொழுப்பு இல்ல தம்பி, தண்ணி" என்றார். உடல் எடையில் 2 சதவீதம் தண்ணீராகப் போனாலே ஆட்டம் தள்ளாடுமாம். 68 கிலோ இருக்கிற எனக்கு அந்தக் கணக்கு கிட்டத்தட்ட 1.4 கிலோ. நான் தினமும் அதைத் தாண்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இதற்கு மேல் இரண்டு நாள் தண்ணீரையும் நிறுத்தினால் என்ன ஆகும், நீங்களே சொல்லுங்கள்.

அன்றிலிருந்து குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை, ஒரே மடக்கில் இல்லாமல் இரண்டு மூன்று மணி நேரத்தில் குடிக்கிறேன். கடையில் விற்கும் கலர் தண்ணீர் இல்லை. ஆத்தா ஊற்றி வைக்கும் நீராகாரம், உப்புப் போட்டு. இல்லையென்றால் மோர். 65 கிலோ பிரிவை விட்டுவிட்டேன். எடை வரம்பு இல்லாத ஓபனில்தான் ஆடுகிறேன், அடி பலமாகத்தான் விழுகிறது, ஆனால் கால் என் பேச்சைக் கேட்கிறது.

ஒன்று மட்டும் இன்னும் சரியாகவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு ஆட்டம் முடிந்தால் நேராகப் பரோட்டாக் கடை. அப்புறம் தூக்கம் எங்கே வரும்?

பன்னிரண்டரை ரவுண்டு:

என் பெயரைப் பார்த்தாலே புரியும், நான் 5000 மீட்டர் ஓடுகிறவள், 400 மீட்டர் டிராக்கில் பன்னிரண்டரை ரவுண்டு. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஹாஸ்டலில் இருக்கிற தங்கச்சிகள் யாராவது படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இரண்டாம் வருடத்தில் என் நேரம் மோசமாகிக்கொண்டே போனது. 19 நிமிடத்துக்குள் ஓடியவள் இருபதைத் தாண்ட ஆரம்பித்தேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். சுற்றி இருந்தவர்கள் சொன்ன காரணங்கள்: சோம்பேறித்தனம், திமிர், காதல். நானும் என்னைத்தான் திட்டிக்கொண்டேன். தினமும் இன்னும் இரண்டு கிலோமீட்டர் சேர்த்து ஓடினேன்.

இதற்கிடையில் ஐந்து மாதமாக மாதவிலக்கு வரவில்லை. எனக்கு உள்ளூர சந்தோஷம். தொல்லை விட்டது, போட்டி நாளில் கவலை இல்லை என்று நினைத்தேன். சீனியர் அக்காக்களும் "நல்லா ஓடினா அப்படித்தான்டி ஆகும்" என்றார்கள். அது பொய் என்று இப்போது தெரியும். செலவழிக்கிற அளவுக்குச் சாப்பாடு உள்ளே போகாதபோது, உடம்பு ஒவ்வொரு வேலையாக நிறுத்திக்கொண்டு வரும். முதலில் நிறுத்துகிறவற்றில் அதுவும் ஒன்று. அப்படியே விட்டால் எலும்பும் பலவீனமாகும்.

அம்மாதான் இழுத்துக்கொண்டு போய் ரத்தப் பரிசோதனை செய்ய வைத்தார். ஹீமோகுளோபின் 8.6. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. உடம்பில் இரும்புச் சேமிப்பு எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டினும் தரைமட்டம். டாக்டர் முதலில் கேட்டது, "ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிக்கிறே?" நாலு. அதில் இரண்டு, சாப்பாட்டோடு சேர்த்து. இட்லியை டீயில் தொட்டுச் சாப்பிடுகிற ஆள் நான், சிரிக்காதீர்கள். உணவில் இருக்கும் இரும்பை உடம்பு எடுக்கவிடாமல் டீ தடுக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

டாக்டர் கொடுத்த மாத்திரை போக நான் மாற்றியது மூன்றே விஷயம். டீ, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து. மதியச் சாப்பாட்டோடு ஒரு பெரிய நெல்லிக்காய் அல்லது எலுமிச்சம்பழச் சாறு, ஏனென்றால் வைட்டமின் சி இருந்தால் கீரையில் உள்ள இரும்பு கூடுதலாகச் சேரும். மூன்றாவது, பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பிட்டுவிடுவது. இரண்டு முட்டை, இரண்டு வாழைப்பழம், சில நாள் வேர்க்கடலை உருண்டை. அதற்கு முன்பெல்லாம் துணி துவைத்து, குளித்து, வரிசையில் நின்று சாப்பிடப் பத்தரை ஆகிவிடும். ஞாயிறு வீட்டுக்குப் போனால் அம்மா சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், வாங்கி வறுத்து வைப்பார். முன்பு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். இப்போது கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேன்.

பழைய நேரத்துக்கு வர நாலு மாதம் ஆனது. இரண்டாவது மாதம்கூட எதுவும் மாறவில்லை என்று அழுதேன். மலைக்கோட்டை அண்ணா, உங்கள் நோட்டில் பெண்களுக்கு இன்னொரு கட்டம் போடச் சொல்லுங்கள்: மாதவிலக்குத் தேதி. நாடியைவிட எனக்கு அதுதான் உதவுகிறது.

பேட்மின்டன் அப்பா:

நான் விளையாட்டு வீரன் இல்லை, டிரைவர். மகளுக்கு 13 வயது, அவளைக் காலையும் மாலையும் கோர்ட்டுக்கு ஏற்றி இறக்குவதுதான் என் விளையாட்டு. ராத்திரி பதினொன்றரை வரை போர்வைக்குள் போன் பார்க்கிறாள் என்று கத்திக்கொண்டே இருப்பேன். ஒரு நாள் அவள் கேட்டாள்: "நீங்க ஹால்ல என்ன பண்ணிட்டு இருக்கீங்கப்பா?" நான் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஒன்பதரைக்கு வீட்டில் இருக்கும் மூன்று போனும் சமையலறை சார்ஜரில் தொங்கும். பழைய மணி அலாரம் ஒன்று வாங்கினேன். முதல் வாரம் எனக்குத்தான் கை நடுங்கியது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு கூடைப்பந்து வீரர்கள் 11 பேரைத் தினமும் 10 மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொல்லிச் சில வாரம் பார்த்தார்களாம். 2011-இல் வெளிவந்த ஆய்வு. ஒரு குறுகிய வேக ஓட்டத்தின் நேரம் 16.2 விநாடியிலிருந்து 15.5 ஆகக் குறைந்ததாம். என் மகளுக்கு அவ்வளவு முன்னேற்றம் வந்ததா, எனக்குத் தெரியாது. காலையில் எழுப்பும்போது அவள் முகத்தைச் சுளிப்பதில்லை, எனக்கு அது போதும்.

சத்துவாச்சாரி பார்பெல்:

எங்கள் வேலூர்ப் பக்கம் தெருவுக்கு ஒரு பையன் வெயிட் தூக்குவான். 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் என்று இரண்டு காமன்வெல்த் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் எங்கள் சத்துவாச்சாரிக்காரர். அந்தக் கனவில் வந்தவர்களில் நானும் ஒருத்தன்.

ஒரு போட்டிக்கு நாலு நாள் முன்னால் இருமல். தெரு முனை மருந்துக் கடையில் "இருமலுக்கு ஒரு டானிக் குடுங்கண்ணே" என்று வாங்கி, ஜிம்மில் வைத்துத் திறந்தேன். மூடியில் ஊற்றிவிட்டேன். சீனியர் ஒருத்தர் கையைப் பிடித்தார். பாட்டிலைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தார். டெர்புட்டலின், மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்து. நம் ஊர் இருமல் மருந்துகள் பலவற்றில் இருக்கிறது. போட்டி நாளில் மட்டும் இல்லை, எந்த நாளிலும் விளையாட்டு வீரர்களுக்குத் தடை செய்யப்பட்டது. "இருமலுக்குத்தான் குடிச்சேன்னு சொன்னா விட்டுடுவாங்கன்னு நெனச்சியா?" என்றார். நான் அப்படித்தான் நினைத்தேன். உடம்பில் இருந்தால் பொறுப்பு நம்முடையது, எப்படி உள்ளே போனது என்பது பிறகுதான்.

அன்று முதல் என் பழக்கம்: எந்த மருந்துச் சீட்டு எழுதும்போதும் "போட்டிக்குப் போறேன் டாக்டர்" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவது. தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை ஒரு செயலி வைத்திருக்கிறது, மருந்தின் பெயரைப் போட்டால் தடையா இல்லையா என்று காட்டும். வாங்கியதும் அதிலும் பார்ப்பேன். டப்பாவில் லேபிள்கூட ஒழுங்காக இல்லாத பவுடரை ஜிம்மில் யார் சும்மா கொடுத்தாலும் தொடுவதில்லை. அந்தக் காசுக்கு முட்டையும் கொண்டைக்கடலையும் வாங்கலாம்.

பி.டி. மாஸ்டர்:

எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நான் கொஞ்சம் எதிராகப் பேசப்போகிறேன், கோபிக்க வேண்டாம்.

இருபது வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளோடு இருக்கிறேன். இந்த நோட்டு, எடை, நாடி எல்லாம் பெரிய பிள்ளைகளுக்குச் சரி. எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்துவிடாதீர்கள். நானே அந்தத் தப்பைச் செய்தேன். வாலிபால் பெண்களை வரிசையில் நிறுத்தி, எல்லோர் முன்னாலும் எடை போட்டுச் சத்தமாகப் படித்தேன். ஒழுங்கு வரும் என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்து ஒரு பிள்ளை மதியச் சோற்றைத் தொடுவதே இல்லை என்று அவள் தோழி வந்து சொன்னாள். அன்றே மெஷினைத் தூக்கி ஸ்டோர் ரூமில் போட்டேன். பன்னிரண்டரை ரவுண்டு எழுதியதைப் படித்ததும் அந்தப் பிள்ளை முகம்தான் ஞாபகம் வந்தது.

சின்னப் பிள்ளைகளுக்கு நான் வைத்திருப்பது ஒன்றுதான். பந்தைத் தொடுவதற்கு முன்னால் இருபது நிமிடம் உடம்பைத் தயார் செய்வது. மெல்லோட்டம், ஒற்றைக்காலில் நிற்பது, குதித்து முழங்கால் உள்ளே மடங்காமல் இறங்குவது. கால்பந்துக்காக ஃபிஃபா வகுத்த '11 பிளஸ்' பயிற்சியிலிருந்து எடுத்துக்கொண்டேன். ஒற்றைக்காலில் நிற்கும்போது பக்கத்திலிருப்பவரைத் தள்ளிவிட முயலலாம் என்று ஒரு விளையாட்டு அதில் இருக்கிறது. அதற்காகவே பிள்ளைகள் சீக்கிரம் வந்துவிடுகிறார்கள்.

மலைக்கோட்டை 800:

சார், நீங்கள் சொன்னது நியாயம். என் அண்ணன் மகனுக்கு பத்து வயது, அவனுக்கு நோட்டு வாங்கி வைத்திருந்தேன். ஓவியம் வரையக் கொடுத்துவிடுகிறேன். பன்னிரண்டரை ரவுண்டு, அந்தக் கட்டத்தை இங்கே என்னோடு ஓடும் பெண்களிடம் சொல்லிவிட்டேன். டெல்டா தம்பி, உனக்கு மட்டும் ஒரு கேள்வி: நோட்டு ஆரம்பித்தாயா?

டெல்டா ரெய்டர்:

ஆரம்பித்துவிட்டேன் அண்ணா. நேற்று 58, இன்று 60, இரண்டும் நிஜமாகவே எண்ணியது. ராத்திரி நீடாமங்கலத்தில் மேட்ச். ஆத்தாவிடம் தூக்குவாளியில் தயிர் சாதம் கேட்டிருக்கிறேன். வேனை ஓட்டுகிறவன் பரோட்டாக் கடை வாசலில்தான் நிறுத்துவான். நான் வேனை விட்டு இறங்கினேனா இல்லையா என்பதை நாளைக் காலை நாடியே சொல்லிவிடும்.